இல்லாத கப்பலின் ஆசாரி

கொழும்பு
6-3-1917

அன்புள்ள அக்காள் மீனம்மாளுக்குத் தம்பி ஆசைத்தம்பி வணங்கி எழுதுவது. நானும் மச்சானும் இங்கே சௌக்கியம். உன் இருமல் நின்றதா, மூத்தார் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

இதைத் தபாலில் போடவில்லை. கண்டரமாணிக்கம் பெத்தன் ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

நாங்கள் வேலை செய்யும் படகுக் கொட்டகைக்கு எதிரே ஒரு கப்பல் வந்து நிற்கிறது. பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. சரக்கேற்றிக்கொண்டிருந்த கப்பலைச் சண்டைக்காகத் திருத்தியிருக்கிறார்கள். அதன் முதுகில் பாய்த்துணியால் ஒரு கொட்டகை. உள்ளே ஆகாய விமானங்கள் இறக்கையை மடக்கிக்கொண்டு நிற்கின்றன! சக்கரம் கிடையாது. அதற்குப் பதிலாகச் சின்ன வள்ளம் மாதிரி இரண்டு மர மிதவைகள். பாரந்தூக்கியால் தூக்கித் தண்ணீரில் வைக்கிறார்கள். துரை ஏறி முடுக்கினால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி எழும்பிவிடுகிறது. திரும்பி வந்து கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் உட்காருகிறது. மறுபடி தூக்கி உள்ளே வைக்கிறார்கள்.

ஜெர்மன்காரன் கப்பல் ஒன்று சரக்குக் கப்பல் வேஷத்தில் இந்தச் சமுத்திரத்தில் திரிகிறதாம். துறைமுகத்துக்கு வெளியே தண்ணீருக்குள் வெடி போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனிடமும் ஒரு விமானம் உண்டு என்று பேச்சு. எங்கள் மேஸ்திரி சொல்கிறார்: "இனிமே பீரங்கி பெருசா சின்னதாங்கிறது கணக்கில்லப்பா. எவன் மேல ஏறி முதல்ல பாக்குறானோ அவன் பொழைப்பான்."

மிதவை மெல்லிய பலகை. அலை அடித்தால் உடைகிறது. அதைச் சரிசெய்யக் கப்பலோடேயே ஒரு ஆசாரி வேண்டும் என்று கேட்டார்கள். மச்சான் சரி என்றுவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். "மீனாகிட்ட, வெள்ளைக்காரன் சண்டைக்குப் போறேன்னு எழுதாதடா. மரம் உடைஞ்ச எடத்துக்கு ஆசாரி போறான்னு எழுது" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஆசைத்தம்பி

கொத்தமங்கலம்
நள வருஷம், பங்குனி 8

சிரஞ்சீவி ஆசைத்தம்பிக்கு அக்காள் மீனம்மாளின் ஆசீர்வாதம். எனக்கு இருமல் நின்றுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு.

விஷயம் இங்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, பெத்தன் சொல்லிவிட்டான். மூத்தார் வைரவன் ஆசாரியார் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்.

"சண்டைக் கப்பல்ல ஏறிட்டானாம். அண்ணன்னு ஒருத்தன் இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டானா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக?" என்றேன்.

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதுனாலதான் கேக்கல போல."

கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன். ஆனால் கேட்கும்படி சொன்னேன். அவர் மனைவி காளியாயி அக்காள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி, எனக்கு ஒன்று புரியவில்லை. உன் மச்சானைக் கண்டால் கேள். விமானம் மேலே போன பிறகு அந்தக் கப்பல் அதே இடத்தில் நிற்குமா? பறவைக்கு மரம் நகராது. இந்த விமானத்துக்குக் கப்பல்தானே மரம், அது போய்விட்டால் மேலே இருப்பவன் எங்கே இறங்குவான்? இங்கே இதைக் கேட்டால் பொம்பளைக்கு எதற்கு இந்தக் கேள்வி என்கிறார்கள். நீயாவது கேட்டு எழுது.

அக்காள்,
மீனம்மாள்

கடலிலிருந்து
(தேதியும் இடமும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன)

அன்புள்ள மீனாவுக்கு அரசப்பன் எழுதுவது. நான் நலம். வருஷப் பிறப்பன்று உன் கைப் பச்சடி இல்லை. அது ஒன்றுதான் குறை.

நீ கேட்டதைத் தம்பி எழுதியிருந்தான். நல்ல கேள்வி. கப்பல் நிற்கத்தான் வேண்டும். விமானத்தை இறக்கவும் நிற்க வேண்டும், திரும்பி வந்ததைத் தூக்கவும் நிற்க வேண்டும். நிற்கிற கப்பல் எதிரிக்குச் சுலபமான குறி. அந்த நேரம் முழுவதும் காப்டன் மேல்தட்டில் அங்குட்டும் இங்குட்டும் நடப்பார். எல்லோருக்கும் கண் வானத்தில். விமானத்தின் சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு விடுவோம்.

வில்மட் துரை என்று ஒருவர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் மிதவையைத் தட்டிப் பார்ப்பார். "ஆசாரி, சரியா?" என்பார். அந்த ஒரு வார்த்தை தமிழ் நான் சொல்லிக் கொடுத்தது. "சரி துரை" என்று நான் சொன்னால்தான் ஏறுவார். கப்பலில் மற்றவர்கள் என்னை விசிலடித்துக் கூப்பிடுகிறார்கள். விசிலுக்கு நான் திரும்புவதில்லை. இப்போது ஆசாரி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

நாளைக்கு நாங்கள்

(இதற்குக் கீழே நான்கு வரிகள் அழிக்கப்பட்டிருந்தன)

அண்ணன் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன்,
அரசப்பன்

கொழும்பு
9-5-1917

அக்காளுக்குத் தம்பியின் வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

இங்கே மழை. வேலை அதிகம். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று நல்லதாக இருந்தது, வாங்கி வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேறு விசேஷம் இல்லை.

ஆசைத்தம்பி

கொத்தமங்கலம்
பிங்கள வருஷம், வைகாசி 10

தம்பிக்கு அக்காளின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய், குத்துவிளக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மச்சான் மீன் முள்ளைக்கூட விடுவதில்லை" என்றாவது எழுதுகிற பிள்ளை நீ.

நேற்றுப் பெத்தன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். அந்தக் கப்பல் கொழும்புக்குத் திரும்பி வந்ததாம், நிலக்கரி ஏற்றிக்கொண்டு மறுபடி போய்விட்டதாம். "அரசப்பண்ணன் எறங்கினாகளா?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "நான் பாக்கலக்கா" என்றான். அவன் பார்க்காதது ஒன்றும் அந்தத் துறைமுகத்தில் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது? எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்பதை நீ முடிவு செய்யாதே. உள்ளதை எழுது.

மீனம்மாள்

கொழும்பு
2-6-1917

அக்கா,

நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. மச்சான் கப்பலோடு திரும்பவில்லை.

அந்தக் கப்பலில் அடுப்படி வேலை செய்யும் கொழும்புக்காரன் ஒருவன் சொன்னதை எழுதுகிறேன். மாலத்தீவுப் பக்கம் ஜெர்மன்காரனைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். வில்மட் துரையின் விமானம் ஒரு தீவை ஒட்டி, பவளப் பாறைக்கு உட்பக்கத்தில் இறங்கி மிதவையை உடைத்துக்கொண்டது. பாறையைத் தாண்டிக் கப்பல் போக முடியாது. இன்னொரு துரை தம் விமானத்தில் மச்சானையும் உளிப் பையையும் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். மிதவையைச் சரிசெய்துகொண்டு மறுநாள் காலையில் மச்சானும் வில்மட் துரையும் பறந்து வர வேண்டியது. குறித்த இடத்தில் கப்பல் காத்திருக்க வேண்டியது.

அன்று மாலை கம்பியில்லாத் தந்தி வந்தது. ஜெர்மன் கப்பல் அந்தப் பக்கம் தென்பட்டதாக. நிற்கிற கப்பலை அவன் கண்டால் விடமாட்டான் என்று காப்டன் உடனே கப்பலை ஓட்டிவிட்டார். சில நாள் கழித்துத் திரும்பிப் போய்த் தேடியிருக்கிறார்கள். விமானமும் இல்லை, ஆளும் இல்லை.

கடற்படை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, "அப்படி ஒரு கப்பல் இஞ்சை வரேல்லை. நீ ஒண்டும் கேக்கவுமில்லை, நான் ஒண்டும் சொல்லவுமில்லை. போ" என்றார்.

நீ கேட்டாயே, கப்பல் போய்விட்டால் மேலே இருப்பவன் எங்கே இறங்குவான் என்று. அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அக்கா. ஆக வேண்டியதை மூத்தாரிடம் கேட்டுச் செய். நானும் அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆசைத்தம்பி

கொத்தமங்கலம்
ஆனி 4

தம்பி ஆசைத்தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். அது உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது.

உன் கடிதம் கண்டதும் மூத்தார் சொந்தக்காரர்களைக் கூட்டிவிட்டார். முற்றம் நிறைய ஆட்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். நான் அழவில்லை என்பதால் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

"போய்ச் சேந்துட்டான்மா. காரியத்தை முறையாச் செஞ்சிருவோம்" என்றார் மூத்தார்.

"யாரு பாத்தாக?"

"உன் தம்பிதானே எழுதியிருக்கான்."

"அவன் பாத்தானா? சர்க்காரு சொல்லுச்சா?"

"சர்க்காரு எப்படிம்மா சொல்லும்? அந்தக் கப்பலே வரலைன்னுல்ல சொல்லுது."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கதவை விட்டு வெளியே வந்தேன்.

"கப்பலே வரலைன்னா அதுல இவுக எப்படிப் போயிருப்பாக? போகாதவுக எப்படிச் செத்திருப்பாக? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. சர்க்கார் பொய் சொல்லுதுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க. இல்ல, எங்க வீட்டுக்காரக உசுரோட இருக்காகன்னு சொல்லுங்க."

 சர்க்கார் பொய் சொல்கிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நான் மேலும் சொன்னேன்: "இந்தத் தாலியில கை வைக்க வர்றவுக, முதல்ல கொழும்புக்குப் போயி அந்தக் கப்பலைக் கண்ணால பாத்துட்டு வரட்டும்."

பந்தலுக்கு வந்த மூங்கில் வண்டியோடு திரும்பிப் போய்விட்டது.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த ஆபீசுக்கு மறுபடியும் போ. குமாஸ்தாவிடம் பேசாதே, துரையிடம் பேசு. நான் முற்றத்தில் கேட்டதையே அங்கே கேள். பிறகு, மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு கொண்டுவரும் ஓடங்கள் கொழும்புக்குத்தானே வருகின்றன? அந்த ஓடக்காரர்கள் ஒவ்வொருவரையும் விசாரி. ஆகாயத்திலிருந்து ஒன்று விழுந்தால் அந்தத் தீவுகளில் ஒருத்தராவது பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.

அக்காள்

கொழும்பு
11-7-1917

அக்காளுக்கு வணக்கம். உன் கடிதத்தை வாசித்த பிறகு நான் நன்றாகச் சாப்பிட்டேன். நலமாகவும் இருக்கிறேன்.

ஆபீசுக்குப் போனேன். துரை இருந்தார். நீ சொன்னபடி கேட்டேன்: "இல்லாத கப்பல்ல எங்க மச்சான் எப்படிச் செத்தாரு?" குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொல்ல மாட்டேன் என்றார். நான் நகரவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கேட்டேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. "அவன் செத்தான் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. அதான் கேக்குறேன்" என்றேன்.

மறுநாள் கொட்டகை வாசலில் என்னை உள்ளே விடவில்லை. துறைமுகத்தில் எங்குமே வேலை கிடையாது என்று மேஸ்திரி வருத்தத்தோடு சொன்னார். ஆகவே உளியை வைத்துவிட்டு, பெட்டா கடைத்தெருவில் ஒரு மாசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். நீ காட்டிய வழிக்கு அதுவே தோதான வேலை.

மேல்காற்று நன்றாக அடிக்கத் தொடங்கிய பிறகு ஓடங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. ஓடக்காரர்களில் பலருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். வருகிற ஒவ்வொன்றிலும் ஏறிக் கேட்கிறேன். ஒருவர், தெற்கே ஒரு தீவில் "எறக்கை வெச்ச வள்ளம்" ஒதுங்கியதாகக் கேள்விப்பட்டேன் என்றார். எந்தத் தீவு, ஆள் உண்டா என்றால் தெரியவில்லை. இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று எழுதிவிட்டேன்.

ஆசைத்தம்பி

கொத்தமங்கலம்
ஆவணி 9

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். முதுகு வலிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள். மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத உடம்பு.

அந்த ஓடத்துக்குப் பிறகு வேறு ஓடம் வந்ததா? நீ எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது.

என்னை இப்போது யாரும் நல்ல காரியத்துக்கு அழைப்பதில்லை. கோட்டையூரில் நம் சொந்தத்தில் கல்யாணம். அழைக்காமலே போனேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். குங்குமத் தட்டோடு வந்த பெண் எனக்கு முன்னால் இருந்தவளுக்குக் கொடுத்தாள், எனக்குப் பின்னால் இருந்தவளுக்குக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.  இங்கே எழுந்து போனால் இனி எங்குமே உட்கார முடியாது என்று அப்படியே இருந்தேன்.

அப்போது காளியாயி அக்காள் எழுந்து வந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் சொல்லைத் தாண்டாத மனுஷி. தட்டை வாங்கி, என் நெற்றியில் பெரிதாக வைத்தார். "எங்கொழுந்தன் கருமாதிச் சோறு நான் இன்னும் திங்கல. நீங்க யாராச்சும் தின்னீகளா?" என்று கேட்டார். மேளக்காரர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்.

மூத்தார் இப்போது அக்காளோடும் பேசுவதில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

பகலெல்லாம் இப்படித் தலை நிமிர்ந்துதான் இருக்கிறேன், தம்பி. ஆனாலும் சீக்கிரம் எழுது.

மீனம்மாள்

கொழும்பு
5-9-1917

அன்புள்ள மீனாவுக்கு,

இது என் கையெழுத்துதான். நன்றாகப் பார்த்துக்கொள். நான் உயிரோடு இருக்கிறேன். இளைத்திருக்கிறேன், கறுத்திருக்கிறேன், மற்றபடி முழு ஆளாக இருக்கிறேன்.

நேற்று ஒரு மாசி ஓடத்தில் வந்து இறங்கினேன். கரையில் மூட்டையோடு நின்ற ஒருவன், "எறக்கை வெச்ச வள்ளம் பாத்தீகளா?" என்று என்னிடமே கேட்டான். கேட்டவன் உன் தம்பி. அடையாளம் தெரிந்ததும் மூட்டையைக் கடலில் போட்டுவிட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். மிதவையைச் சரிசெய்து மறுநாள் காலையில் கிளம்பினோம். மீனா, நான் பறந்தேன். பயம் இல்லை; கடல் ஒரே பச்சைப் பட்டாக விரிந்து கிடந்தது. கப்பல் நிற்க வேண்டிய இடத்துக்குப் போனோம். கப்பல் இல்லை. வில்மட் துரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் எதிரி எங்கிருந்தாலும் தெரியும் என்றுதான் எங்களை அனுப்புகிறார்கள். அன்றைக்கு எதிரியும் தெரியவில்லை, எங்கள் கப்பலும் தெரியவில்லை. எண்ணெய் தீர்ந்து கடலில் இறங்கினோம். அலையில் துரையின் கால் இரும்பில் மாட்டி முறிந்தது. இரண்டு நாள் மிதந்து வேறொரு தீவில் ஒதுங்கினோம். மிதவை விட்டுக்கொடுக்கவில்லை.

தீவுக்காரர்கள் எங்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் துரைக்குக் கால் புரையோடிக் காய்ச்சல் கண்டது. போய்விட்டார். நானும் தீவுக்காரர்களுமாகப் புதைத்தோம். பிறகு கொழும்புக்கு ஓடம் புறப்படும் காற்றுக்காகக் காத்திருந்தேன்.

இன்று காலையில் கடற்படை ஆட்கள் வந்து ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். கப்பலே வரவில்லை என்றவர்கள், அந்தக் கப்பலில் நான் செய்த வேலை கெட்ட வேலை என்று எழுதி நீட்டுகிறார்கள். மிதவை சரியாகப் பொருந்தவில்லை, அதனால் விமானம் விழுந்தது, துரை இறந்தார் என்று இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டால் ஊருக்குப் போகலாம். போடாவிட்டால் கொழும்பை விட்டு நகரக்கூடாது, தினம் வந்து ஆஜராக வேண்டும்.

நான் போடவில்லை. ஆனால் நீ இத்தனை மாதம் பட்டதைத் தம்பி சொன்னான். உன்னை உடனே பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு கையெழுத்துத்தானே என்று மனசு கேட்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

அரசப்பன்

மானாமதுரை ஸ்டேஷன்
புரட்டாசி 2

என் பிராணனுக்கு மீனம்மாள் எழுதுவது.

கையெழுத்துப் போடாதீர்கள். நான் வருகிறேன்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நானும் ரயில் ஏறுகிறேன். அநேகமாகக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் தனுஷ்கோடியிலிருந்து வருவோம். பெத்தனும் அவன் மனைவி பொன்னுத்தாயியும் துணைக்கு இருக்கிறார்கள்.

நீங்கள் இருக்கிறீர்கள் என்றதும் மூத்தார் அழுதார். அதை மறைக்கக் கூடாது. தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார். ஆனால் நான் புறப்படுகிறேன் என்றதும் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொம்பளை கடல் தாண்டுறதா? அவன் கையெழுத்தப் போட்டுட்டு வரட்டும். வந்ததும் கோயில்ல பிராயச்சித்தம் பண்ணிக்கிரலாம். அத மீறிப் போனா இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

அவர் பெரிய பதிலை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. வழியை விட்டு விலகிவிட்டார்.

வண்டி வருகிறது என்கிறார்கள். நேரில்,
மீனா

கொழும்பு
ஐப்பசி 6

மரியாதைக்குரிய மூத்தார் வைரவன் ஆசாரியார் அவர்களுக்கு, தங்கள் தம்பி மனைவி மீனம்மாள் பணிந்து எழுதுவது. தாங்களும் காளியாயி அக்காளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் தம்பி உடம்பு தேறிவிட்டது. நாங்கள் மூவரும் சௌக்கியம்.

பிராயச்சித்தத்துக்கு நாள் பார்த்திருப்பதாகத் தாங்கள் எழுதியதற்குப் பதில் எழுதுவது என் கடமை. அதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூவரும் அந்த ஆபீசுக்குப் போனோம். துரை காகிதத்தை நகர்த்தினார். தங்கள் தம்பி அதைத் தொடவில்லை. குமாஸ்தாவிடம் நிதானமாகச் சொன்னார்: "மெதவை உடைஞ்சிருந்தா நாங்க ரெண்டு நாள் கடல்ல கெடந்திருக்க முடியாது. கப்பல் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. அத எழுதுங்க, போடுறேன்."

சண்டையில் நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்ற வேண்டும், இரண்டு பேருக்காகக் கப்பலை நிறுத்த முடியாது என்றார் துரை.

"அது நெசந்தான். அதையும் எழுதுங்க. கப்பலைக் காப்பாத்தத்தான் காப்டன் போனாருன்னு எழுதுங்க, எனக்குச் சம்மதம். எங்கையால செஞ்ச வேலை அந்தப் பையனக் கொன்னுச்சுன்னு மட்டும் எழுதாதீக."

துரை என் பக்கம் திரும்பி, இந்தப் பெண் எதற்கு வந்தாள் என்று கேட்டார். நானே பதில் சொன்னேன். "எங்க ஊர்ல எந்தாலியக் கழட்டச் சொன்னாக. அந்தக் கப்பலே வரலைன்னு நீங்க சொன்னதாலதான் கழட்டல. அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார்.  துரை காகிதத்தை எடுத்து மேஜைக்குள் வைத்தார். போகலாம் என்றார். துறைமுகத்தில் தங்கள் தம்பிக்கும் என் தம்பிக்கும் இனி வேலை கிடையாது என்றும் சொன்னார். காப்டனை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யில் எங்கள் கையெழுத்து இல்லை.

வெளியே வந்தபோது ஒரு துரை பின்னாலேயே ஓடிவந்தார். தங்கள் தம்பியை அந்தத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் அவர்தானாம். குமாஸ்தாவையும் கூட்டி வந்திருந்தார். வில்மட்டின் தாய்க்கு எழுத வேண்டும், கடைசியில் அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.

"கப்பல் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் தங்கள் தம்பி.

"நீ என்ன சொன்னாய்?"

"வருதுன்னு சொன்னேன்."

அந்தத் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் எல்லோரும் பார்க்கும்படி நின்றார். தங்கள் தம்பி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். வெள்ளைக்காரத் துரையை நம் வீட்டு மனிதர் தோளில் தட்டியதை நான் பார்த்தேன். தாங்களும் பார்த்திருக்க வேண்டும்.

இனி, பிராயச்சித்தம். உடைந்ததைச் சரிசெய்யப் போனவர் அவர். செத்துக்கொண்டிருந்த பையனுக்குத் தண்ணீர் கொடுத்து, மண் போட்டவர். பொய்க்குக் கையெழுத்துப் போடாதவர். இதில் எதற்குப் பிராயச்சித்தம் என்று தாங்கள் எழுதினால் யோசிக்கிறோம். எழுத முடியாவிட்டால் நாங்கள் வரும்போது வாசலைத் திறந்து வையுங்கள். தை மாதம் வருவோம். வாசற்படியை மிதித்துத்தான் வருவோம்.

அதுவரை இங்கே வேலை இருக்கிறது. பெட்டாவுக்கு அப்பால் கடற்கரையில் ஒரு கூரை போட்டு, மாசி ஓடங்களைப் பழுது பார்க்கிறார்கள் இருவரும். அவரைக் கொண்டுவந்த ஓடம் வாடைக் காற்றில் தீவுக்குத் திரும்பப் போகிறது. அதில் கொடுத்தனுப்ப அவர் ஒரு முதிரை மரப் பலகை செதுக்கிக்கொண்டிருக்கிறார். பையனைப் புதைத்த இடத்தில் நடுவதற்கு. பெயரை அந்தத் துரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து வெட்டி முடித்துவிட்டார். பலகையில் பாதி இடம் மீந்திருக்கிறது.

"வேற என்ன வெட்டலாம்?" என்று காலையில் என்னைக் கேட்டார்.

"அந்தக் கப்பல் பேர வெட்டுங்க" என்றேன்.

இப்போது அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார், பெரிய எழுத்தில்.

அக்காளுக்கு என் அன்பைத் தவறாமல் சொல்லவும்.

தங்கள் தம்பி அரசப்பனின் மனைவி,
மீனம்மாள்